பீப்பாய்த் தச்சரின் ஒன்பது ஆண்டுகள்

1858 நவம்பர் 22. அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்தை ஒட்டிய கிழக்கு பாஸ்டனில் ஒரு தொழிலாளி இறந்து போகிறார். வயது முப்பத்தைந்து இருக்கலாம். ஐரிஷ்காரர், கத்தோலிக்கர். தொழில் பீப்பாய் செய்வது. மனைவியும் நான்கு பிள்ளைகளும் இருக்கிறார்கள். மூத்தவளுக்கு ஏழு வயது, கடைக்குட்டிக்குப் பத்து மாதம். பெயர் பேட்ரிக் கென்னடி.

பெயரைக் கேட்டதும் உங்களுக்கு வேறொருவர் நினைவுக்கு வருவார். ஆம், அமெரிக்க அதிபர் ஜான் எஃப். கென்னடியின் கொள்ளுத் தாத்தாதான் இவர். கொள்ளுப் பேரன் புகழ்பெற்றதால்தான் இவருடைய பெயர் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அந்தப் பேரனைப் பற்றிய தடித்த புத்தகங்களில் இவருக்கு முதல் அத்தியாயத்தில் இரண்டு பக்கம் கிடைக்கும். பிறந்தார், கப்பலேறினார், பீப்பாய் செய்தார், செத்தார். அப்புறம் கதை வேகமெடுத்து வெள்ளை மாளிகைக்குப் போய்விடும்.

நாம் அந்த இரண்டு பக்கத்திலேயே நிற்கப் போகிறோம். உழைக்கும் மனிதர் ஒருவரின் வாழ்வைத் தேடிப் போனால் கையில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று நான்கு பதிவேட்டு வரிகள்தான்: திருமணப் பதிவு, பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவு, இறப்புப் பதிவு. அந்த வரிகளுக்கு இடையில் என்ன இருந்தது என்பதை அவரைச் சுற்றி இருந்த உலகத்தை வைத்துத்தான் நிரப்ப முடியும். எங்கள் வாசிப்பு வட்டத்திற்கு வரும் மாணவத் தோழர்கள் அடிக்கடி ஒன்று கேட்கிறார்கள்: "அயர்லாந்துக்காரர்களும் நம்மைப் போல் ஒடுக்கப்பட்டவர்கள்தானே? அவர்கள் எப்படி மேலே வந்தார்கள்?" ஆம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் முடிகிற கேள்வி இல்லை இது. இந்த ஒரு மனிதரின் வாழ்வை வைத்துப் பார்த்தால் பிடி கிடைக்கும் என்று நினைக்கிறோம்.

அயர்லாந்தின் தென்கிழக்கே வெக்ஸ்ஃபோர்டு மாவட்டம். அங்கே நியூ ராஸ் என்னும் ஆற்றுத் துறைமுக ஊர். அதற்குப் பக்கத்தில் டங்கன்ஸ்டவுன் கிராமம். 1823 வாக்கில் பேட்ரிக் அங்கே பிறந்தார். கென்னடிகள் குத்தகை விவசாயிகள். உழுதது அவர்கள், நிலம் வேறொருவருடையது. அந்த நாட்டின் நிலத்தில் பெரும்பகுதி அப்போது இங்கிலாந்து வழிவந்த புராட்டஸ்டண்ட் நிலக்கிழார்களிடம் இருந்தது. அவர்களில் பலர் லண்டனில் இருந்துகொண்டே குத்தகையை வாங்கிச் செலவு செய்தார்கள்.

இந்த நிலைமை தானாக வரவில்லை, சட்டம் போட்டு உண்டாக்கினார்கள். பதினேழாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து கொண்டுவரப்பட்ட தண்டனைச் சட்டங்கள் கத்தோலிக்கர் நிலம் வாங்குவதைத் தடுத்தன. வாக்குரிமையைப் பறித்தன. அரசுப் பதவியையும் வழக்கறிஞர் தொழிலையும் மூடின. பள்ளிக்கூடம் நடத்துவதைக்கூடக் குற்றமாக்கின. அதனால் வேலியோரத்திலும் கொட்டகைகளிலும் ஒளிந்து பாடம் நடத்தினார்கள். அதற்கு வேலியோரப் பள்ளி என்றே பெயர். பேட்ரிக் பிறந்தபோது இந்தச் சட்டங்களில் பல விலக்கப்பட்டிருந்தன. டேனியல் ஓ'கானல் நடத்திய இயக்கத்தால் 1829இல் கத்தோலிக்கர்கள் நாடாளுமன்றத்தில் உட்காரும் உரிமையும் கிடைத்தது. ஆனால் சட்டம் போனாலும் நிலம் திரும்பி வரவில்லை. இது நாம் நன்றாக அறிந்த கதைதான்.

பேட்ரிக் வீட்டில் இளைய மகன். குத்தகை நிலத்தைத் துண்டுபோட்டால் யாருக்கும் மிஞ்சாது, மூத்தவனுக்குத்தான் போகும். ஆகவே அவர் கைத்தொழில் பக்கம் போனார். நியூ ராஸில் செரி சகோதரர்களின் மதுவடிப்பாலை இருந்தது. அங்கே வேலை செய்த பேட்ரிக் பாரன் என்னும் நண்பரிடம் பீப்பாய்த் தொழிலைக் கற்றுக்கொண்டார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். நிலம் இல்லாதவனுக்குக் கைத்தொழில்தான் நிலம்.

1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. ஒரு பூஞ்சை போன்ற நுண்ணுயிர்; ஒரே வாரத்தில் செடி கருகி, மண்ணுக்குள் கிழங்கு அழுகிவிடும். ஏழைகளின் முழு உணவும் அந்தக் கிழங்குதான். 1845 முதல் 1852 வரை நீடித்த பஞ்சத்தில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் செத்தார்கள். 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாட்டைவிட்டு ஓடினார்கள். 1841இல் 82 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1851இல் 65 லட்சமாகிவிட்டது.

பஞ்சத்தில் உணவே இல்லை என்பது பொய். ஓட்ஸும் வெண்ணெயும் மாடுகளும் பன்றிகளும் துறைமுகங்கள் வழியாக இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தன, சில இடங்களில் படைவீரர் காவலோடு. கிழங்கு மட்டுமே தின்ன விதிக்கப்பட்டவர்கள்தான் செத்தார்கள். 1847இல் ஒரு சட்டப்பிரிவு வந்தது. கால் ஏக்கருக்கு மேல், அதாவது 25 சென்ட்டுக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு நிவாரணம் கிடையாது. கஞ்சி வேண்டுமானால் நிலத்தை ஒப்படைத்துவிட்டு வா என்று அதற்குப் பொருள். ஒப்படைத்தவர்களின் குடிசைகளை நிலக்கிழார்கள் இடித்துத் தள்ளினார்கள், அவர்கள் திரும்பி வரக்கூடாது என்பதற்காக.

லண்டனில் கருவூலத்தில் இருந்தபடி இந்த நிவாரணத்தைக் கையாண்ட அதிகாரியின் பெயர் சார்லஸ் டிரெவெல்யன். சந்தையில் அரசு தலையிடக் கூடாது, இலவசமாகக் கொடுத்தால் சனங்கள் சோம்பேறி ஆகிவிடுவார்கள், பஞ்சம் கடவுள் கற்பித்த பாடம் என்பன அவருடைய நம்பிக்கைகள். 1848இல், பஞ்சம் முடியும் முன்பே, அவருக்கு 'சர்' பட்டம் கொடுத்தார்கள். அடுத்து அவர் எங்கே வந்தார் தெரியுமா? சென்னைக்கு. 1859இலும் 1860இலும் மதராஸ் மாகாணத்தின் ஆளுநர் அவர்தான். பஞ்சத்தை நிர்வகிக்கும் பிரிட்டிஷ் முறை ஒரு நாட்டில் தேறி இன்னொரு நாட்டுக்குப் பயணம் செய்தது என்று சொன்னால் அது வெறும் உவமை இல்லை, ஆட்களே பயணம் செய்தார்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெக்ஸ்ஃபோர்டு மிகக் கொடுமையாகச் செத்த பகுதி இல்லை; மேற்கு அயர்லாந்துதான் சுடுகாடானது. கென்னடிகளும் ஆகக் கீழே இருந்தவர்கள் இல்லை. கப்பல் கட்டணம் கொடுக்க முடிந்தவர்கள் போனார்கள். கொடுக்க முடியாத விவசாயக் கூலிகள் சாலையோரத்திலும் ஏழை விடுதிகளிலும் விழுந்தார்கள். அவர்களுக்குக் கொள்ளுப் பேரன்கள் இல்லை. புலம்பெயர்ந்தவர்களின் வெற்றிக் கதைகளைப் படிக்கும்போதெல்லாம் கப்பலேற முடியாதவர்களையும் கூட்டிக்கொண்டு படிக்க வேண்டும்.

பாரன் முதலில் பாஸ்டனுக்குப் போனார். பேட்ரிக் பின்தொடர்ந்தார். 1848 என்று சில நூல்களும் 1849 என்று சில நூல்களும் சொல்கின்றன. அன்றைய பயணம் வாரக் கணக்கில் ஆகும். கீழ்த்தளத்தில் அடுக்கடுக்காகப் பலகைப் படுக்கைகள். நல்ல தண்ணீர் அளந்துதான் கிடைக்கும். டைஃபஸ் காய்ச்சல் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஏறும். சவப்பெட்டிக் கப்பல்கள் என்று அவற்றுக்கு மக்கள் பெயர் வைத்தார்கள். 1847இல் மட்டும் கனடாவின் கிரோஸ் தீவில் 5,000க்கும் மேற்பட்ட ஐரிஷ் மக்களைப் புதைத்தார்கள். அதே ஆண்டில் பாஸ்டனில் ஏறத்தாழ 37,000 ஐரிஷ்காரர்கள் வந்து இறங்கினார்கள். நோயாளிகளைத் தடுத்து வைக்கத் துறைமுகத்துக்குள் இருந்த மான் தீவில் மருத்துவமனை திறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் கரையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அங்கே செத்தார்கள்.

பேட்ரிக் பிழைத்துக் கரையேறினார். கிழக்கு பாஸ்டன் அப்போது புதிதாக முளைத்த இடம். நகரத்திலிருந்து அங்கே போகப் படகுதான். 1840 முதல் லிவர்பூலில் இருந்து வரும் கியூனார்டு நீராவிக் கப்பல்கள் அங்கேதான் வந்து நின்றன. 1845 முதல் டொனால்ட் மெக்கே அங்கே கப்பல் பட்டறை நடத்தினார். உலகத்தின் அதிவேகப் பாய்மரக் கப்பல்களில் ஒன்றான 'ஃபிளையிங் கிளவுட்' 1851இல் அந்தப் பட்டறையிலிருந்துதான் இறங்கியது. கப்பல் இருக்கும் இடத்தில் பீப்பாய்க்கு வேலை உண்டு. பேட்ரிக் சம்னர் தெருவில் டேனியல் ஃபிரான்சிஸ் என்பவரின் பட்டறையில் சேர்ந்தார். பாரன்தான் சேர்த்துவிட்டார்.

இந்தத் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. இன்றைக்குப் பீப்பாய் என்றால் பிளாஸ்டிக் டிரம் நினைவுக்கு வரும். (பீப்பாய் என்ற சொல்லே போர்த்துகீசியர் கப்பலில் நமக்கு வந்ததுதான்.) பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலக வணிகம் முழுவதும் மரப் பீப்பாய்க்குள் பயணம் செய்தது. குடிநீர், உப்புக்கண்டம், மீன், மாவு, ஆணி, திமிங்கில எண்ணெய், சாராயம் எல்லாமே அதில்தான். நிறைத்த பீப்பாயைப் படுக்கவைத்தால் ஒரே ஆள் உருட்டிக்கொண்டு போகலாம். நடுவில் வயிறு பெருத்திருப்பதால் தரையில் ஒரு புள்ளிதான் படும். எந்தப் பக்கமும் எளிதாகத் திருப்பலாம்.

செய்வது எளிதில்லை. காய்ந்த ஓக் பலகையை நீளத் துண்டுகளாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு துண்டும் இரு முனையில் குறுகி, நடுவில் அகன்று, உள்பக்கம் சற்றுக் குழிந்து இருக்க வேண்டும். ஓரங்களை ஒன்றோடு ஒன்று ஒட்டும்படி சாய்வாக இழைக்க வேண்டும். சாய்வுக்கு அளவுகோல் கிடையாது, கண்ணும் கையும்தான். பிறகு துண்டுகளை வட்டமாக நிறுத்தி, ஒரு முனையில் வளையம் மாட்டி, நடுவில் தீ மூட்டிச் சூடேற்றி ஈரத்தோடு வளைத்து, மறுமுனையையும் இழுத்து வளையத்துக்குள் கொண்டுவர வேண்டும். உட்புற விளிம்பில் காடி எடுத்து மூடிப் பலகையைப் பொருத்த வேண்டும். ஆணி கிடையாது, பசை கிடையாது. ஒரு துண்டு பிசகினாலும் ஒழுகும். தண்ணீர்ப் பீப்பாய் ஒழுகினால் நடுக்கடலில் மாலுமிகள் சாவார்கள். வாய்ச்சியும் இழைப்புளியும் பிடித்த கைகள் அந்த வேலையை நாள் முழுக்கச் செய்தன. புகை, சூடு, சம்மட்டிச் சத்தம். பாஸ்டனுக்கு வந்த ஐரிஷ் ஆண்களில் பெரும்பாலோர் தினக்கூலிகள். பேட்ரிக் தொழில் தெரிந்தவர். அந்த அளவுக்கு அவர் கொடுத்துவைத்தவர்.

1849 செப்டம்பர் 26 அன்று பிரிட்ஜெட் மர்ஃபியை மணந்தார். அவரும் வெக்ஸ்ஃபோர்டுக்காரர்தான். மேரி, ஜோஹானா, ஜான், மார்கரெட், பேட்ரிக் ஜோசப் என ஐந்து பிள்ளைகள். ஜான் இரண்டு வயதை எட்டும் முன்பே 1855இல் இறந்தான்.

ஒரு குழந்தையின் சாவு அந்தத் தெருக்களில் செய்தியே அல்ல. லெமுவேல் ஷாட்டக் என்பவர் 1845இல் பாஸ்டன் நகரத்துக்காக ஒரு கணக்கெடுப்பு அறிக்கை தயாரித்தார். அடக்கம் செய்யப்பட்ட ஐரிஷ் கத்தோலிக்கர்களின் சராசரி வயதை அதில் கணக்கிட்டார். 13.43 ஆண்டுகள். பதின்மூன்று வயதில் எல்லாரும் செத்தார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. பாதிக்கும் மேல் ஐந்து வயதுக்குள் செத்த குழந்தைகள் என்பதால்தான் சராசரி இப்படி விழுந்தது. நிலவறையில், சாக்கடைக்குப் பக்கத்தில், ஒரே அறையில் இரண்டு மூன்று குடும்பங்கள். 1849இல், பேட்ரிக்குக்குத் திருமணம் நடந்த ஆண்டில், காலரா வந்தது. நகரத்தில் 600க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மிகப் பெரும்பான்மையோர் ஐரிஷ் மக்கள். அவர்கள் அழுக்கானவர்கள், குடிகாரர்கள், அதனால்தான் நோய் என்று மேட்டுக்குடி பேசியது. சாக்கடை இல்லாத தெருவில் குடிவைத்துவிட்டு, சாக்கடை நாற்றத்தை அவர்களுடைய பிறவிக் குணமாக்கினார்கள்.

வெறுப்பு பேச்சோடு நிற்கவில்லை. 1834இல் பாஸ்டனை அடுத்த சார்ல்ஸ்டவுனில் கன்னியாஸ்திரிகளின் மடத்தையும் பள்ளியையும் ஒரு கும்பல் எரித்தது. 1854 தேர்தலில் குடியேறிகளையும் கத்தோலிக்கர்களையும் எதிர்ப்பதையே கொள்கையாகக் கொண்ட 'நோ நத்திங்' கட்சி மாசசூசெட்ஸில் ஆளுநர் பதவியையும் மேலவை முழுவதையும் கீழவையின் ஏறத்தாழ எல்லா இடங்களையும் பிடித்தது. ஐரிஷ் படைக்குழுக்கள் கலைக்கப்பட்டன. ஏழை ஐரிஷ்காரர்களைப் பிடித்துக் கப்பலில் ஏற்றி லிவர்பூலுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அரசுப் பள்ளியில் புராட்டஸ்டண்ட் வேதாகமம் ஓதப்பட்டது. 1859இல் பத்துக் கட்டளைகளைப் புராட்டஸ்டண்ட் வடிவத்தில் சொல்ல மறுத்த கத்தோலிக்கச் சிறுவன் ஒருவனை ஆசிரியர் பிரம்பால் கையில் அடித்தார், அரை மணி நேரம்.

'ஐரிஷ்காரர் விண்ணப்பிக்க வேண்டாம்' என்ற வேலை விளம்பரங்களைப் பற்றி ஒரு துணைக்கதை உண்டு. மாணவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இப்படிப்பட்ட பலகைகளும் விளம்பரங்களும் அநேகமாக இருக்கவேயில்லை, அது ஐரிஷ் மக்கள் தாங்களே வளர்த்துக்கொண்ட புராணம் என்று 2002இல் ரிச்சர்ட் ஜென்சன் என்னும் வரலாற்றுப் பேராசிரியர் ஒரு கட்டுரை எழுதினார். அது பல இடங்களில் மேற்கோளானது. 2015இல் அதே ஆய்விதழில் அதற்கு மறுப்பு வந்தது. எழுதியவர் பதினான்கு வயதுப் பள்ளி மாணவி. மின்வடிவில் ஏற்றப்பட்டிருந்த பழைய செய்தித்தாள்களில் தேடி, அந்த விளம்பரங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஒடுக்கப்பட்டவர்கள் தங்கள் அவமானத்தைச் சொன்னால் 'ஆதாரம் எங்கே' என்பார்கள். ஆதாரம் பல நேரம் இருக்கத்தான் செய்கிறது, யாரும் தேடவில்லை என்பதுதான் விஷயம்.

இவ்வளவு வெறுப்புக்கு நடுவிலும் பேட்ரிக் தன் தொழிலைச் செய்தார். இந்த இடத்தில்தான் தோழர்களின் கேள்விக்கு வருகிறோம். அதே மாசசூசெட்ஸ், தெற்கே நியூ பெட்ஃபோர்டு துறைமுகம். 1838இல் மேரிலாந்தின் அடிமைத்தளையிலிருந்து தப்பிய ஒரு கறுப்பின இளைஞர் அங்கே வந்து சேர்கிறார். அவரும் துறைமுகத் தொழிலாளிதான். கப்பல் பலகை இடுக்குகளில் நார் அடைத்துத் தார் பூசும் தொழிலில் தேர்ந்தவர். ஒரு முதலாளி வேலை கொடுக்கவும் தயார். ஆனால் கறுப்பர் வந்து கை வைத்தால் நாங்கள் எல்லோரும் கருவியைக் கீழே போடுவோம் என்றார்கள் வெள்ளைத் தொழிலாளர்கள். அவர் விறகு அறுத்தார், நிலக்கரி அள்ளினார், புகைபோக்கி துடைத்தார். அந்த இளைஞர்தான் ஃப்ரெடரிக் டக்ளஸ்.

ஐரிஷ்காரரைக் கீழானவர் என்றார்கள், ஆனால் அவர் அருகில் நின்று வேலை செய்தால் மற்றவர்கள் பட்டறையைவிட்டு ஓடவில்லை. எரிச்சலோடு இடம் கொடுத்தார்கள். சட்டம் அவரைக் குடிமகனாக ஏற்கத் தயாராக இருந்தது. குடியுரிமை பெறும் உரிமையை 1790 சட்டம் 'சுதந்திரமான வெள்ளையர்' என்ற சொற்களால் எழுதியிருந்தது. பேட்ரிக் அந்தச் சொற்களுக்குள் வந்துவிட்டார். டக்ளஸ் அந்த மண்ணிலேயே பிறந்தும் வரவில்லை.

பாஸ்டனுக்குள்ளேயே இன்னொரு கைவினைஞரைப் பாருங்கள். பெஞ்சமின் ராபர்ட்ஸ், கறுப்பின அச்சுத் தொழிலாளி. அவருடைய ஐந்து வயது மகள் சாரா, ஐந்து வெள்ளையர் பள்ளிகளைக் கடந்து நடந்து கறுப்பினக் குழந்தைகளுக்கென ஒதுக்கிய பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது. ராபர்ட்ஸ் நகரத்தின் மீது வழக்குப் போட்டார். பேட்ரிக் திருமணம் செய்த அதே 1849இல் சார்ல்ஸ் சம்னரும் கறுப்பின வழக்கறிஞர் ராபர்ட் மோரிஸும் அதை வாதாடினார்கள். தோற்றார்கள். பிற்காலத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1896இல் 'தனியாக, ஆனால் சமமாக' என்று பிரித்துவைத்தபோது இந்தத் தீர்ப்பையும் துணைக்கு அழைத்தது. பாஸ்டன் பள்ளிகளில் அந்தப் பிரிவினையை 1855இல் சட்டம் போட்டு ஒழித்தது யார்? ஐரிஷ்காரரை நாடுகடத்திய அதே 'நோ நத்திங்' சட்டமன்றம். வரலாறு நம் வசதிக்கு ஏற்ற மாதிரி நடப்பதில்லை. அந்த ராபர்ட் மோரிஸிடம் வழக்குக் கொண்டுவந்தவர்களில் ஏராளமானோர் ஏழை ஐரிஷ்காரர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஐரிஷ் மக்கள் எந்தப் பக்கம் நின்றார்கள்? நிற்கச் சொல்லி அழைப்பு வராமல் இல்லை. ஓ'கானல் அடிமை முறையின் கடும் எதிரி. 1842இல் அயர்லாந்தில் 60,000 பேர் கையொப்பமிட்ட ஒரு வேண்டுகோள் பாஸ்டனின் ஃபேன்யூல் மண்டபத்தில் வைக்கப்பட்டது. கறுப்பின மக்களோடு சேர்ந்து நில்லுங்கள் என்று அமெரிக்க ஐரிஷ்காரர்களைக் கேட்ட வேண்டுகோள் அது. அதைக் கடல் கடந்து கொண்டுவந்தவர் சார்ல்ஸ் லெனாக்ஸ் ரிமண்ட் என்ற கறுப்பினப் பேச்சாளர். 1845இல் டக்ளஸ் அயர்லாந்துக்கே போய் நான்கு மாதம் பேசினார். பேட்ரிக்கின் சொந்த மாவட்டமான வெக்ஸ்ஃபோர்டிலும் பேசினார். தன்னை அங்கே நிறத்தால் பார்க்காமல் மனிதனாகப் பார்த்தார்கள் என்று நெகிழ்ந்து எழுதினார்.

அதே மக்கள் அமெரிக்காவில் இறங்கியதும் பெரும்பாலும் வேறு பக்கம் போனார்கள். 1854இல் ஆன்டனி பர்ன்ஸ் என்ற தப்பிய அடிமையைப் பாஸ்டனில் பிடித்தார்கள். அவரை வர்ஜீனியாவுக்குத் திருப்பி அனுப்பக் கப்பலுக்குக் கூட்டிப்போன ஜூன் 2 அன்று, ஆயிரக்கணக்கான மக்கள் தெருவில் நின்று கண்டனம் எழுப்பினார்கள். கூட்டத்தைத் தடுத்து நின்ற படைக்குழுக்களில் ஒன்று ஐரிஷ் குழு. விசுவாசத்தைக் காட்டினால் ஏற்றுக்கொள்வார்கள் என்று நினைத்தார்கள் போலும். அடுத்த ஆண்டு அந்தக் குழுவையே ஆளுநர் கலைத்தார். பர்ன்ஸை மீட்டது பாஸ்டனின் கறுப்பினத் தேவாலயம். பணம் திரட்டி விலை கொடுத்து வாங்கி விடுதலை செய்தது. 1863இல் நியூயார்க்கில் கட்டாய ராணுவச் சேர்ப்புக்கு எதிராக எழுந்த கலவரம் கறுப்பின மக்கள் மீதான வேட்டையாக மாறியது. கறுப்பினக் குழந்தைகளின் அநாதை இல்லத்தை எரித்தார்கள். அந்தக் கும்பலில் பெரும்பாலோர் ஐரிஷ் தொழிலாளர்கள்.

பசியும் பயமும் அவர்களை அங்கே தள்ளின என்பது உண்மை. அதே கூலிக்குப் போட்டி என்று முதலாளிகளும் அரசியல்வாதிகளும் மூட்டிவிட்டார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் தனக்குக் கீழே ஒருவர் இருக்கிறார் என்ற உறுதிப்பாட்டை அவர்கள் வேண்டி வாங்கிக்கொண்டார்கள். அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் வேறு மக்கள். இங்கே இடைநிலைச் சாதிகளின் அரசியலைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. நமக்கு உறவு என்று ஒரு மரபைத் தேடினால், 1873இல் ஜோதிராவ் புலே காட்டிவிட்டார். 'குலாம்கிரி' நூலை அவர் அமெரிக்காவில் அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்டவர்களுக்குத்தான் காணிக்கையாக்கினார்.

பேட்ரிக் தனிப்பட்ட முறையில் இதில் எங்கே நின்றார் என்று அவர் வாயிலாக நமக்கு ஒரு சொல்லும் வரவில்லை. அவருக்கு நேரமும் கிடைக்கவில்லை. பட்டறை, வீடு, தேவாலயம். வாடகை, விறகு, ரொட்டி. மகனைப் புதைத்து மூன்று ஆண்டில் அவரும் விழுந்தார். காலரா என்று பல நூல்கள் எழுதுகின்றன, காசநோய் என்று சில. இரண்டில் எதுவானாலும் காரணம் ஒன்றுதான்: நெரிசலான வீடு, கெட்ட தண்ணீர், ஓய்வில்லாத உடம்பு. கடைக்குட்டி பேட்ரிக் ஜோசப் அந்த ஜனவரி 14 அன்று பிறந்தவன். அப்பாவின் முகம் அவனுக்கு நினைவிருந்திருக்க வழியில்லை.

இதற்குப் பிறகு நடந்தது பிரிட்ஜெட்டின் கதை. நூல்களில் அவருக்கு இரண்டு பக்கம்கூட ஒதுக்குவதில்லை, ஒரு பத்தியோடு சரி. நான்கு குழந்தைகளோடு நின்ற விதவை. வீட்டுவேலைக்குப் போனார். அன்றைய பாஸ்டனில் ஐரிஷ் பெண்களுக்குக் கிடைத்த வேலை அதுதான். பணிப்பெண்களுக்கெல்லாம் 'பிரிட்ஜெட்' என்றே பொதுப்பெயர் வைத்து எஜமானிகள் கூப்பிட்டார்கள். இவருடைய சொந்தப் பெயரே வசைப்பெயராக இருந்தது. பிறகு சிகையலங்கார வேலையும் செய்தார். சேர்த்த பணத்தில் பார்டர் தெருவில் ஒரு சின்னக் கடையை வாங்கினார். ஊசி நூல் விற்ற கடை மெல்ல மெல்ல மளிகைக் கடையானது. மகன் பதினான்கு வயதில் படிப்பை விட்டுக் கப்பல்துறையில் மூட்டை தூக்கினான். அம்மாவின் சேமிப்பும் சேர, ஒரு மதுக்கடை வாங்கினான். மதுக்கடை அரசியல் கூடமானது. 1880களில் மாநிலச் சட்டமன்றத்துக்குப் போனான். பீப்பாய் செய்தவர் இறந்து முப்பது ஆண்டுக்குள் இவ்வளவும். கறுப்பின பாஸ்டனில் அதே உழைப்புக்கும் அதே சேமிப்புக்கும் இந்த வழி இவ்வளவு அகலமாகத் திறக்கவில்லை.

பிரிட்ஜெட் 1888 டிசம்பரில் இறந்தார். அந்த செப்டம்பரில் பேரன் ஜோசப் பிறந்திருந்தான். அவனுடைய மகன்தான் 1960இல் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கத்தோலிக்கர்.

அந்த அதிபர் 1963 ஜூன் 27 அன்று நியூ ராஸ் கப்பல்துறைக்கு வந்தார். கொள்ளுத் தாத்தா இங்கிருந்து புறப்பட்டுப் போய்க் கிழக்கு பாஸ்டனில் பீப்பாய்த் தொழிலாளி ஆனார் என்று கூட்டத்தில் நினைவுகூர்ந்தார். அவர் போகாமல் இருந்திருந்தால் நானும் எதிரே தெரிகிற ஆல்பட்ராஸ் உரக் கம்பெனியில்தான் வேலை பார்த்துக்கொண்டிருப்பேன் என்று வேடிக்கையாகச் சொன்னார். கூட்டம் சிரித்தது. டங்கன்ஸ்டவுனில் கென்னடி உறவினர்கள் அப்போதும் அந்தப் பண்ணையில்தான் இருந்தார்கள். முற்றத்தில் மேசை போட்டு அவருக்குத் தேநீர் கொடுத்தார்கள். ஐந்து மாதம் கழித்து, பேட்ரிக் இறந்த அதே நவம்பர் 22இல், அவரும் டல்லஸில் சுடப்பட்டு இறந்தார்.